பொட்டலக் காலமும் லேபிள் காலமும்

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் வலங்கைமான் வருகிறது. குடமுருட்டிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி. பங்குனியில் மாரியம்மன் கோயில் பாடைக் காவடிக்குச் சுற்று வட்டாரமே திரளும் ஊர். இன்று அதன் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை முன் நின்றால் எங்கும் அச்செழுத்தாக இருக்கிறது. துவரம்பருப்பு, மிளகு, பெருங்காயம், காபித்தூள், எண்ணெய் எல்லாமே பெயர், எடை, விலை, தேதி, 14 இலக்க உரிம எண் ஆகியவற்றோடு பாக்கெட்டில் வருகின்றன. 1950களில் இது போன்ற ஒரு கடையில் அச்சடித்த உறையோடு வந்த உணவுப் பண்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டால்டா டின், பிஸ்கட் டின், பால்மாவு டின், தேயிலைப் பொட்டலம். அதற்கு மேல் அதிகம் தேறாது. மற்றதெல்லாம் சாக்கிலும் தகர டின்னிலும் திறந்தே கிடந்தது.

அன்று பருப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்கள். மிளகை நசுக்கி முகர்ந்தார்கள். எண்ணெய் செக்கிலிருந்து தூக்குப் பாத்திரத்தில் வீடு வந்தது. ஆட்டியவர் யார் என்பது தெருவுக்கே தெரியும். அரிசியைக் கடையில் வாங்கும் வழக்கம் நிலமுள்ள குடும்பங்களுக்கு இல்லை. பத்தாயத்து நெல்லை அவித்துக் காயவைத்து, மில்லில் அரைத்துக்கொண்டு வந்தார்கள். பொருளில் குறை இருந்தால் மறுநாள் கடைக்காரர் முகத்துக்கு நேரே கேட்க முடிந்தது. அவரும் அதே ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்கிறவர். அந்தக் கூச்சமே பாதிக் காவல்.

மீதிப் பாதிக்குத்தான் அரசாங்கம் தேவைப்பட்டது. கலப்படம் பாக்கெட்டோடு வந்த நோய் அல்ல. துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு, மிளகில் பப்பாளி விதை, காபித்தூளில் புளியங்கொட்டைத் தூள், பாலில் தண்ணீர் என்று அதன் பட்டியல் பழையது. சென்னை மாகாணம் 1918-இலேயே கலப்படத் தடைச் சட்டம் இயற்றியது. சுதந்திரத்துக்குப் பின் நாடு முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் நிறைவேறி, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கலப்படம் என்ற குற்றத்தோடு, உறையில் பொய் சொல்வது என்ற குற்றத்தையும் அந்தச் சட்டம் தனியாக வரையறுத்தது. ஒரு பொருளை இன்னொன்றாகத் தோன்றச் செய்வது, இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்வது, தயாரித்தவர் பெயரை மறைப்பது, விதித்தபடி லேபிள் ஒட்டாமல் விடுவது எல்லாம் அதில் அடங்கின.

அந்தக் காலத்து ஏற்பாடுகளில் ஒன்று இன்றைக்கும் வியக்க வைப்பது. வனஸ்பதியை நெய்யில் கலந்துவிட்டால் கண்ணும் மூக்கும் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே நாட்டில் தயாராகும் வனஸ்பதி அனைத்திலும் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்தது. சந்தேகப்பட்ட நெய்யில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூராலும் சேர்த்துக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருக்கும் பட்சத்தில் அமிலம் செக்கச் சிவக்கும். பாடுவான் சோதனை என்று அதற்குப் பெயர். டின்னின் மேல் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துவிடலாம். எண்ணெய்க்குள்ளேயே கரைத்து வைத்த அடையாளத்தைக் கிழிக்க முடியாது. வாங்குகிறவருக்கு எழுத்துத் தெரியுமா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

அன்றைய அமலாக்கம் ஓர் ஆளின் வருகையாக இருந்தது. சுகாதார ஆய்வாளரே பல இடங்களில் உணவு ஆய்வாளர் அதிகாரமும் பெற்றிருந்தார். கடைக்கு வந்து, சோதனைக்காக எடுக்கிறேன் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுப்பார். சாட்சிக்கு ஆள் அழைப்பார். எடுத்த பொருளுக்கு விற்கும் விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். இலவசமாக அள்ளிப் போக அவருக்கு அதிகாரம் கிடையாது. மாதிரியை மூன்றாகப் பிரித்து, உலர்ந்த சுத்தமான பாட்டில்களில் அடைப்பார். பாலாக இருந்தால் கெடாமலிருக்க ஃபார்மலின் சொட்டுகள். கனத்த காகிதம் சுற்றி, சணல் கட்டி, அரக்கை உருக்கி, தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு என்று நான்கு முத்திரையாவது பதிப்பார். 1976 திருத்தத்துக்குப் பின் ஒரு பாட்டில் பகுப்பாய்வுக்கு; இரண்டு உள்ளூர்ச் சுகாதார அதிகாரியின் காவலில்.

பகுப்பாய்வு அறிக்கைக்குப் பின்னாளில் 40 நாள் கெடு இருந்தது. பிறகு வழக்கு, வாய்தா, சாட்சி விசாரணை. தண்டனை கடுமையானது. 1976 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சம் 6 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம். லேபிள் விதியை மீறியது போன்ற சிலவற்றுக்கு மட்டும், காரணத்தை எழுதி வைத்துவிட்டு 3 மாதச் சிறை, 500 ரூபாய் அபராதம் வரை நீதிபதி இறங்கலாம். கடுமை ஏட்டில் இருந்தது. வழக்கு நிலைப்பது வேறு கதையாக இருந்தது. டெல்லி மாநகராட்சிக்கும் கீசா ராம் என்ற தயிர் விற்றவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல் தந்த தீர்ப்பு அதற்குச் சான்று. மாதிரி எடுத்துப் பல மாதம் கழித்தே வழக்குப் போட்டார்கள். தன் தரப்புக்காக மத்திய ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்பக் கேட்கும் உரிமை எதிரிக்கு உண்டு. அனுப்பியபோது தயிர் கெட்டுப்போயிருந்தது. அவருடைய உரிமை பறிபோனதால் தண்டிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

லேபிளைப் பற்றிய துவாரகா நாத் வழக்கு 1971-இல் முடிந்தது. நெய் டின்னில் தொகுதி எண் இல்லை என்பது குற்றச்சாட்டு. அப்படி எண் போடச் சொன்ன விதியே சட்டம் கொடுத்த அதிகார எல்லையைத் தாண்டியது என்று உச்ச நீதிமன்றம் கருதி, தண்டனையை ரத்து செய்தது. இன்று ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டிலும் தவறாமல் காணும் தொகுதி எண்ணுக்கு அன்று இருந்த நிலை அது. சிறை என்ற சொல்லுக்குக் கடைக்காரர்கள் பயந்தார்கள். ஆனால் அந்தப் பயத்தைத் தீர்ப்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேகம் அரசிடம் இல்லை.

இடையில் பொருள் விற்கும் விதமே மாறிவிட்டது. 1977-இல் பொட்டலப் பண்டங்களுக்கான எடை அளவு விதிகள் வந்தன. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து பலர் உயிரிழந்ததையடுத்து, சமையல் எண்ணெயை உறையிட்டே விற்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. தூக்குப் பாத்திரத்தில் வந்த எண்ணெய் பிளாஸ்டிக் பைக்குள் போனது. 2001-இல் சைவத்துக்குப் பச்சைப் புள்ளியையும் அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளியையும் கட்டாயமாக்கும் விதிகள் அறிவிக்கப்பட்டன. ஊரின் நிர்வாக முகவரியும் இந்த இடைவெளியில் மாறியது. தஞ்சாவூர் மாவட்டத்தோடு இருந்த வலங்கைமான் 1997-இல் புதிதாகப் பிறந்த திருவாரூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. கடைக்காரர்கள் சரக்கெடுக்கப் போவது பக்கத்திலிருக்கும் கும்பகோணத்துக்கு; உரிமம், விசாரணை என்றால் போவது தொலைவிலிருக்கும் திருவாரூருக்கு.

2006-இல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் அதோடு விடைபெற்றது. உணவு ஆய்வாளர் இருந்த இடத்துக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தார். மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர் வந்தார். மூன்றாக இருந்த மாதிரி நான்கானது. நான்காவது பகுதியைக் கடைக்காரர் விரும்பினால் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். 40 நாள் கெடு 14 நாளானது. சோதனை முடிவு மூன்று வகையாகப் பிரிகிறது: தரம் குறைந்தது, தப்புக் குறியீடு, பாதுகாப்பற்றது. உயிருக்குக் கேடான மூன்றாவது வகைக்கு மட்டும் குற்றவியல் நீதிமன்றமும் சிறையும். தப்புக் குறியீடு என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் முன் விசாரணை. 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரத்தில் பொய் சொன்னால் 10 லட்சம் வரை.

அந்த அபராதத்தைக் கட்டாவிட்டால் நில வருவாய் பாக்கியைப் போல வசூலிக்கலாம், கட்டும் வரை உரிமத்தை நிறுத்திவைக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கிஸ்தி பாக்கிக்கு ஜப்தி வந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த டெல்டாக்காரர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. அன்று சிறை பெரிதாக எழுதப்பட்டிருந்தது, அரிதாக நடந்தது. இன்று பணம் எழுதப்பட்டிருக்கிறது, அடிக்கடி நடக்கிறது. நாடு முழுவதும் 2023-24-இல் சுமார் 1.70 லட்சம் மாதிரிகள் சோதிக்கப்பட்டு, 33,000-க்கும் மேற்பட்டவை விதிக்குப் பொருந்தாதவை எனக் கண்டறியப்பட்டன. ஐந்தில் ஒன்று என்ற இந்த விகிதம் கவலைக்குரியதுதான். ஆனாலும் அதைத் தெரிந்துகொள்ள முடிகிற நிலையே ஒரு முன்னேற்றம்.

காபிப் பாக்கெட் ஒன்றைக் கையிலெடுத்தால் இந்த மாற்றத்தின் இரு பக்கங்களும் தெரியும். டிகிரி காபிக்குப் பெயர்போன கும்பகோணத்துக்கு அடுத்த ஊர் இது. அன்று வசதியுள்ள வீடுகளில் கொட்டையை வாங்கி, அடுப்பில் கருகாமல் வறுத்து, கைமெஷினில் அரைத்தார்கள். கடையில் அரைத்த தூளில் சிக்கரி எவ்வளவு என்பது அரைத்தவரின் மனசாட்சிக்கே வெளிச்சம். சிக்கரி கலப்பது குற்றமில்லை; கலந்ததைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் சதவீதத்தையும் அச்சிட வேண்டும் என்பது விதி. இன்று காபி 53, சிக்கரி 47 என்று வெளிப்படையாக அச்சிட்ட பாக்கெட்டுகள் கடையில் தொங்குகின்றன. பாதிக்குப் பாதி அளவுக்குச் சிக்கரி குடிக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டே விற்கிறார்கள். அன்று இந்த விகிதம் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பித்தளை டவரா செட்டின் படம் பெரிதாகவும், அந்த இரண்டு எண்கள் சிறிதாகவும் இருக்கின்றன. ஒரு டம்ளர் தண்ணீரின் மேல் தூளைத் தூவினால் காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடிழுத்துக்கொண்டு சில நொடிகளில் அடிக்குப் போகும். பழைய வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சோதனை கைப்பழக்கம். எண்கள் அச்சில் வந்த பிறகு தூவிப் பார்க்கும் பழக்கம் குறைந்துவிட்டது. எண்களைப் படிக்கும் பழக்கமோ இன்னும் வரவில்லை.

அரிசியில் இந்த மாற்றம் இன்னும் ஆழமாக உறைக்கிறது. நெல் விளையும் ஊரிலேயே அரிசி இப்போது அச்சடித்த பையில் வருகிறது. 2022 ஜூலை 18 முதல், உறையிட்டு லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரையில் 5 சதவீத ஜிஎஸ்டிக்கு உட்பட்டது. சில வாரங்களில் தமிழ்நாட்டுக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. மரக்காலிலும் கலத்திலும் அளந்த மண்ணில், வரியின் எல்லைக்கோடு ஒரு புதிய மூட்டை அளவை உண்டாக்கியது. எடையைக் கவனிக்கும் சட்டத்துக்குக் கண் கூர்மை. பையின் மேல் அச்சிட்ட ரகத்தின் பெயரைக் கவனிப்பதில் அந்தக் கூர்மை இல்லை. ஆந்திராவின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204 தமிழ்நாட்டில் ஆந்திராப் பொன்னி ஆயிற்று. பொன்னி என்ற பெயரே சன்ன அரிசி எதற்கும் பொதுப்பெயர் போல ஆகிவிட்டது. பாஸ்மதிக்குத் தனியான தர விதி 2023-இல் வந்தது. அதன் மணம், கலப்பு, செயற்கை நிறம் எல்லாவற்றையும் அது வரையறுக்கிறது. பொன்னிக்கும் சீரகச் சம்பாவுக்கும் அத்தகைய காவல் இல்லை.

இதே மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் திரட்டி, விவசாயிகளிடையே பரப்பினார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவரைப் போன்றவர்கள் மீட்டுக் கொடுத்த மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் இன்று அழகான பைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. கூடவே இயற்கை, ஆர்கானிக் என்ற சொற்களும் பையில் ஏறிவிட்டன. இயற்கை விளைபொருளுக்கான லேபிள் விதிகளை 2017-இல் அரசு வகுத்தது. சான்று பெறாமல் அந்தச் சொல்லைப் போடக் கூடாது. நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு விவசாயிக்கு அதில் விலக்கும் உண்டு. உண்மையாகவே ரசாயனம் போடாமல் விளைவித்தவரும், போட்டுவிட்டுப் பையில் மட்டும் பச்சை இலை வரைந்தவரும் ஒரே அலமாரியில் நிற்கிறார்கள். இந்த இடத்தில் லேபிளைக் கண்காணிப்பது என்றால் உண்மையாக உழைத்த விவசாயியின் கூலியைக் காப்பாற்றுவது என்றே பொருள்.

பெற்றவற்றைக் குறைத்துச் சொல்லலாகாது. பொட்டலத்துக்கு முகவரி கிடையாது, பாக்கெட்டுக்கு உண்டு. கடலைப்பருப்பில் கோளாறு என்றால் அன்று கடைக்காரரோடு தேடல் நின்றுபோகும். இன்று உரிம எண்ணைப் பிடித்துக்கொண்டு, எங்கோ இருக்கும் பாக்கெட் போடும் ஆலை வரை போகலாம். பெரிய நிறுவனம் என்றும் பார்ப்பதில்லை. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸில் ஈயத்தோடு, எம்எஸ்ஜி சேர்க்கவில்லை என்ற உறை வாசகமும் பிரச்சினையானது. தமிழ்நாடு அரசு மூன்று மாதம் தடை விதித்தது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் திரும்பப் பெறச் சொன்னது. அதே ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம், உரிய வாய்ப்புத் தரவில்லை, சோதனைக்கூடங்கள் முறையான அங்கீகாரம் பெற்றவை அல்ல என்று மத்திய ஆணையத்தின் தடையை ரத்து செய்தது. அரசு எடுத்த நடவடிக்கையும் அதன் குறையும் இரண்டுமே வெளிச்சத்துக்கு வந்தன. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெயரான ஓஆர்எஸ் என்பதை, அந்தச் சூத்திரப்படி தயாராகாத இனிப்புப் பானங்கள் சூடிக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் ஆணையம் உத்தரவிட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடியதன் விளைவு அது. ஒரு பெயரை உறையிலிருந்து நீக்குவதால் குழந்தைகளின் உடல்நலம் காக்கப்படும் என்பதை அன்றைய சட்டம் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

இழந்தது எது என்றால், முதலாவது, நேருக்கு நேர் கேட்கும் உரிமை. இன்று கடைக்காரரிடம் கேட்டால், கம்பெனியில் வந்ததை அப்படியே கொடுக்கிறேன் என்கிறார். அவர் சொல்வது நியாயமும்கூட. இரண்டாவது, கை, கண், மூக்கு என்று உடம்போடு இருந்த சோதனைச்சாலை. உறையிட்ட பொருளை வாங்குவதற்கு முன் முகர்ந்து பார்க்க வழியில்லை. அந்த இடத்தை எழுத்து நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த எழுத்தோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. லேபிளில் ஆங்கிலமோ தேவநாகரி எழுத்தில் இந்தியோ இருந்தால் போதும். தமிழ் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் 1955 விதியிலிருந்து இன்றுவரை நிலை. சட்டம் மாறியது, தண்டனை மாறியது, அதிகாரியின் பெயர் மாறியது. இது மாறவில்லை.

நடவு முடித்து மாலையில் கடைக்கு வரும் பெண் தமிழ் நன்றாகப் படிப்பார். அவர் வாங்கும் எண்ணெய்ப் பாக்கெட்டின் முன்பக்கம் நிலக்கடலைப் படம் இருக்கும். கலப்பு எண்ணெய் என்பதும், எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதும் ஆங்கிலத்தில் இருக்கும். விதி நிறைவேறிவிட்டது. மொழி விதியின்படி அந்தப் பாக்கெட்டில் குறை காண முடியாது. ஆனால் படத்தைப் பார்த்து வாங்கியவர் ஏமாந்துதான் போகிறார். பொய் எழுதியவரைத் தண்டிக்க இப்போது வழி இருக்கிறது. வாங்குபவருக்குப் புரியாதபடி உண்மையை எழுதியவரைக் கேட்க வழி இல்லை. 26 கிலோ மூட்டையைச் சில வாரங்களில் அச்சிட முடிந்தவர்களுக்கு, நான்கு வரித் தமிழை அச்சிடுவது செலவும் இல்லை, சிரமமும் இல்லை. அதைக் கட்டாயமாக்கும் விதி வந்தாக வேண்டும். தமிழ்நாடு அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இன்னொன்றும் 1954-லிருந்து மாறாமல் இருக்கிறது. பொருளை வாங்கும் எவரும், கடைக்காரரிடம் அப்போதே சொல்லிவிட்டு, உரிய கட்டணம் செலுத்தி அதைப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பழைய சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருந்த இந்த உரிமை, புதிய சட்டத்தின் 40-ஆம் பிரிவில் இருக்கிறது. அன்று சோதனைக்கு மாதிரி சென்னை கிண்டி வரை போக வேண்டியிருந்தது. இன்று தஞ்சாவூரிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. அலுவலர் ஒருவர் ஒரு வட்டாரத்தின் எல்லாக் கடைகளையும் எல்லா நாளும் பார்க்க முடியாது. வாங்குகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒரு சுயஉதவிக் குழுவோ ஒரு பள்ளிக்கூடமோ ஆண்டுக்கொரு முறை தங்கள் ஊர்ப் பாக்கெட் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தால் போதும். அன்று கடைக்காரர் முகம் பார்த்துக் கேட்ட கேள்வியை, இன்று முகம் தெரியாத ஆலையையும் அதே உறுதியோடு கேட்கலாம். கேட்பதற்கான சட்டம் எழுபது ஆண்டுகளாக நம் பக்கம் இருக்கிறது.